இணைத்துக் கட்டிய டிரைவில் விண்டோஸை மறுபடி போடும் முன்

தங்கச்சி, உன் லெப்டொப்புக்கு விண்டோஸை மறுபடி போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். போடலாம், உன் கையாலேயே போடலாம். ஆனால் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றும், மூடிமேல் இன்டெல் ஒப்டேன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்றும் நீ சொன்னதைக் கேட்டபோதே, இதை போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக் கூடாது என்று நினைத்தேன். உன் லெப்டொப்புக்குள் இருப்பது ஒரு டிரைவ் இல்லை. இரண்டு டிரைவை ஒன்றாக இணைத்து விண்டோஸுக்கு ஒன்றாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த இணைப்பை அறியாமல் அழித்தால், விண்டோஸோடு உன் பிரதேச செயலக வேலையும் வீட்டுப் படங்களும் சேர்ந்து போய்விடும். இதே மாதிரி லெப்டொப் வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரத்தைக் குறைத்துக்கொள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. அன்றிலிருந்து எல்லோரும் பயந்துபோய் 11க்கு மாறப் பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து, உன் செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சேமிக்க விட்டால் அதற்குக் காசும் இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி நிதானமாகச் செய். இன்னொன்று, விண்டோஸ் 11 இன்டெல் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். ஒப்டேன் நினைவகம் வந்தது 2017இல், 7ஆம் தலைமுறையோடு. எனவே ஒப்டேன் ஸ்டிக்கர் ஒட்டிய லெப்டொப் எல்லாமே 11ஐ ஏற்கும் என்று நினைக்காதே. செட்டிங்ஸில் 'எபவுட்' பக்கத்தில் புரொசஸரின் பெயரைப் பார். ஐ5 என்ற எழுத்துக்குப் பிறகு வரும் இலக்கம் 8இல் தொடங்கினால் பெரும்பாலும் சரி, 7இல் தொடங்கினால் 10ஐயே மறுபடி போட்டு அந்த நீட்டிப்பை எடுத்துக்கொள்.

இணைப்பு என்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. உன்னுடையது ஒரு வகை: பெரிய, மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் 16 ஜிபி அளவில் வேகமான ஒரு சின்னத் துண்டு. அடிக்கடி எடுக்கும் கோப்புகள் அந்தத் துண்டில் தங்கும். அதனால் 1 டெராபைட் டிஸ்க்கும் சுறுசுறுப்பாகத் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, எழுதுவதும் முதலில் அந்தத் துண்டில்தான் நடக்கும். சற்றுப் பொறுத்துத்தான் அது ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கும். ஏதாவது ஒரு நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பார்த்தால் அதில் இருப்பது முழுமையானது இல்லை. கடைசியாக எழுதிய சில பகுதிகள் ஒப்டேனில் மட்டுமே இருக்கலாம்.

நீ இருக்கும் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பழைய பல்லேகம நகரம் தண்ணீருக்குள் போய், லக்கலவுக்குப் புது நகரம் கட்டக் காரணமான களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஜூலையில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அதை அம்பன் கங்கையில் கட்டிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தோடு கால்வாயால் தொடுத்திருக்கிறார்கள். அப்படித் தொடுத்திருக்கும்போது ஒரு பக்கக் கரையில் வேலை செய்வதென்றால் முதலில் கால்வாயை அடைக்க வேண்டும். உன் லெப்டொப்பிலும் அதுதான் முதல் வேலை. ஒப்டேன் துண்டில் இருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கி, இணைப்பை முறையாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம்.

உனக்குள்ளது எந்த வகை என்று உறுதிப்படுத்திக்கொள்ள, ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து டிவைஸ் மெனேஜரைத் திற. 'டிஸ்க் டிரைவ்ஸ்' என்பதை விரித்துப் பார். 'இன்டெல் ஒப்டேன்' என்றும் அதோடு ஒரு கூட்டல் குறி போட்டு '931 ஜிபி ஹெச்டிடி' என்றும் எழுதியிருந்தால் இரண்டும் இணைந்து வேலை செய்கின்றன. 'இன்டெல் ரெயிட் 0 வொல்யூம்' என்றிருந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கின் மொடல் பெயர் தனியாகவும், 13 ஜிபி சொச்சம் உள்ள இன்னொன்று தனியாகவும் தெரிந்தால், ஸ்டிக்கர் இருந்தாலும் இணைப்பு ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். 16 ஜிபி ஒப்டேன் விண்டோஸில் 13 ஜிபி சொச்சமாகத்தான் தெரியும், 32 ஜிபி துண்டு 27 சொச்சமாகத் தெரியும். பழுது என்று பயப்படாதே.

எதைத் தொடுவதற்கும் முன் உன் கோப்புகளை வெளியே எடு. உள்ளுக்குள் இருக்கும் டி டிரைவுக்குக் கொப்பி எடுப்பது போதும் என்று பலர் சொல்வார்கள். இணைத்துக் கட்டிய டிரைவில் சியும் டியும் ஒரே இணைப்பின் மேல் கீறிய கோடுகள்தான். இணைப்பு உடைந்தால் இரண்டும் போகும். கொப்பி என்றால் வெளியே இருக்க வேண்டும், கேபிளைக் கழற்றி அலமாரியில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் நாட்டு அரசாங்கத்துக்கே நடந்தது. 2023 ஓகஸ்ட் கடைசியில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் வரைக்கும் பாவித்த அரச மின்னஞ்சல்களில் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்ததும் போனதும் இல்லாமல் போயின. சேர்வரை மறுபடி எழுப்ப அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்துச் சொச்சத்துக்கு வெளியே எடுத்து வைத்த கொப்பி இருக்கவில்லை, இணைப்பில் இருந்த கொப்பியும் தாக்குதலில் சேர்ந்தே பூட்டுப்பட்டது. பாவித்த மின்னஞ்சல் மென்பொருளும் பழைய 2013 பதிப்பு, தயாரித்தவர்களே அப்டேட் கொடுப்பதை நிறுத்தியது. உன்னைப் போல் ஒரு பிரதேச செயலகத்தில் இருந்து அந்த மாதங்களில் யார் யாருக்கெல்லாம் கடிதம் அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். இணைந்தே இருக்கும் கொப்பியை நான் கொப்பியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

என்னென்ன எடுக்க வேண்டும்? டெஸ்க்டொப், டொகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் கோப்பின் பக்கத்தில் மேகக் குறி மட்டும் இருப்பவை உன் லெப்டொப்பில் உண்மையில் இல்லை. இறக்கி எடுத்துவிட்டுக் கொப்பி செய், அல்லது அவை உன் கணக்கில் இருக்கின்றன என்பதை போனில் திறந்து பார்த்து உறுதிப்படுத்து. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், பிரின்டரின் மொடல் பெயர், ஒபிஸ் வாங்கிய கணக்கு எது என்பது, இவற்றை ஒரு கொப்பிப் புத்தகத்தில் பேனாவால் எழுது.

நம் ஆட்களுக்கு மறந்துபோவது எழுத்துருக்கள். பாமினியில் டைப் செய்த கடிதம் எத்தனை உன்னிடம் இருக்கிறது? பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், சங்கத்துக் கூட்டறிக்கை என்று பழையது எல்லாம் பாமினிதான். சிங்களக் கடிதங்கள் எஃப்எம் அபயவில் இருக்கும். இந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு வருவதில்லை. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டது. புது விண்டோஸில் அதே கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த ஒரு குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். கோப்பு கெடவில்லை. பாமினி யுனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு, அவ்வளவுதான். எழுத்துருவைப் போட்டவுடன் கடிதம் திரும்பி வரும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, பாமினி, அபய, நீ பாவிக்கும் மற்றவை எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி செய். உனக்கு மட்டும் என்று நிறுவிய எழுத்துருக்கள் அந்த ஃபோல்டரில் இருக்காது. உன் பெயரில் உள்ள யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்று போய்ப் பார். ஆப்டேட்டா மறைந்திருக்கும், 'வியூ' பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். நேரம் கிடைக்கும்போது முக்கியமான கடிதங்களை யுனிகோடுக்கு மாற்றி வைப்பது இன்னும் நல்லது. ஆனால் அதை இந்த வேலையோடு சேர்த்துச் செய்யாதே.

கொப்பி எடுத்த பிறகு, வெளி டிஸ்க்கை இன்னொரு கணினியில், முடிந்தால் உன் ஒபிஸ் கணினியிலோ பக்கத்துக் கொமியூனிகேஷனிலோ செருகி, நாலைந்து கோப்பைத் திறந்து பார். படம் ஒன்று, எக்ஸல் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. திறந்தால்தான் கொப்பி.

அடுத்தது பூட்டு. பிட்லாக்கர் என்று ஒன்று உன் டிரைவை மறைகுறியாக்கி வைத்திருக்கலாம், நீ போட்டிருக்காவிட்டாலும் மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்தபோது தானாகவே போட்டிருக்கலாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாக நடக்கிறது. பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்பும் முன்னே திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்தில், டிரைவ் முறையை மாற்றினால் அடுத்த முறை லெப்டொப் எழும்பும்போது 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லாவிட்டால் உன் சொந்த டிரைவ் உனக்கே திறக்காது. மைக்ரோசொப்ட் கணக்குப் பக்கத்தில் உன் லெப்டொப்பின் பெயரின் கீழ் அந்தச் சாவி இருக்கும். அதைப் பார்த்து, அதே கொப்பிப் புத்தகத்தில் எழுதிக்கொள். போனில் போட்டோ எடுத்து வைத்தாலும் சரி. பிறகு செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்பதை நிறுத்திவிட்டு, பூட்டு முழுவதும் அவிழும் வரை பொறுத்திரு. டிரைவ் பெரிதென்றால் இதற்கு மணிக்கணக்காகலாம்.

இப்போது இணைப்பைப் பிரிக்கலாம். மைக்ரோசொப்ட் ஸ்டோரில் 'இன்டெல் ஒப்டேன் மெமரி என்ட் ஸ்டோரேஜ் மெனேஜ்மென்ட்' என்ற செயலி இருக்கும், சில லெப்டொப்பில் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். அதைத் திறந்து ஒப்டேன் பக்கத்தில் 'டிசேபிள்' கொடு. சில நிமிடம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் துண்டில் உள்ளது ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்குகிறது. நடுவில் மூடியை மூடாதே, சார்ஜரைக் கழற்றாதே. முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும். எழும்பிய பிறகு டிவைஸ் மெனேஜரில் மறுபடி பார்: இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸே எழும்பாத நிலை வந்தால், பயோஸுக்குள் 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னொலொஜி' என்ற பக்கத்தில் பிரிக்கும் வசதி பல லெப்டொப்பில் உண்டு, 'டீகன்கேட்டினேட்' என்று எழுதியிருக்கும். யூசர் டேட்டாவைப் பாதுகாக்கட்டுமா என்று கேட்டால் ஆம் என்று கொடு. பயோஸில் நுழைய டெல், ஏசர், அசூஸ் லெப்டொப்பில் எஃப் 2, ஹெச்பியில் எஃப் 10. லெனோவோவில் எஃப் 1 அல்லது எஃப் 2. இயக்கியவுடன் விடாமல் தட்டு.

தூரத்தையும் கணக்கில் எடு. பல்லேகமவில் இருந்து இல்லுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்ட என்று மலை ஏறி இறங்கித்தான் மாத்தளைக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையை நம்பி எதையும் பாதியில் விடக் கூடாது. ஆகவே அடுத்த முறை மாத்தளைக்கு வரும்போது, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் இருந்து எல்லாவற்றையும் இறக்கி எடுத்துக்கொண்டு போ. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசொப்ட் கொடுக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸைப் போடு. அந்த பென் டிரைவில் இருந்தது எல்லாம் அழியும், அதனால் எழுத்துரு வைத்த பென் டிரைவை இதற்குக் கொடுத்துவிடாதே. இன்னொரு பென் டிரைவில் உன் லெப்டொப் தயாரித்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் உன் மொடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவர்களை எடு. மிக முக்கியமானவை மூன்று: ஸ்டோரேஜ் டிரைவர், வைஃபை டிரைவர், சிப்செட் டிரைவர். ஸ்டோரேஜ் டிரைவர் சுருக்கிய கோப்பாக வந்தால் 7-ஸிப் கொண்டு விரித்து, உள்ளே .ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வை. விரிக்காமல் கொண்டுபோனால் இன்ஸ்டோல் செய்யும் இடத்தில் அது எதற்கும் உதவாது.

டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுக்கும் அவர்களே தரும் மீட்புக் கருவி உண்டு. லெப்டொப்பின் தொடரிலக்கத்தைக் கொடுத்தால், அந்த மொடலுக்குரிய டிரைவரெல்லாம் சேர்த்தே பென் டிரைவில் போட்டுத் தரும். டேட்டா அதிகம் பிடிக்கும், ஆனால் உன் மாதிரித் தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். வைஃபை டிரைவர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், அன்ட்ரொய்ட் போனை யுஎஸ்பி கேபிளால் செருகி, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' போட்டுவிடு. பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமலே இணையம் கிடைக்கும். புது விண்டோஸ் 11 ஆரம்பத்திலேயே இணையம் கேட்டு நிற்பதால் இது கைகொடுக்கும்.

விண்டோஸ் இன்னும் எழும்புகிறதா, மெதுவாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் பென் டிரைவே வேண்டியதில்லை. செட்டிங்ஸில் 'ரிக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி'. 'லோக்கல் ரீஇன்ஸ்டோல்' கொடுத்தால் டேட்டா செலவாகாது, 'கிளவுட் டவுன்லோட்' கொடுத்தால் 4 ஜிபிக்கு மேல் போகும். ரீசெட்டின் நல்லது, ஸ்டோரேஜ் டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் டிரைவ் காணாமல் போகும் பிரச்சினை வராது. விண்டோஸ் சிஸ்டமே பழுதாகியிருந்தாலோ வைரஸ் பிடித்திருந்தாலோ மட்டும் பென் டிரைவில் இருந்து சுத்தமாகப் போடு.

சுத்தமாகப் போடும் நாளில் லெப்டொப் பெட்டரி நிரம்பியிருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரன்ட் போனது ஞாபகம் இருக்கும். பெட்டரி செத்த பழைய லெப்டொப் என்றால் யாரிடமாவது யுபிஎஸ் கடன் வாங்கு. வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடு. இன்ஸ்டோல் செய்யும் திரையில் எல்லா டிரைவும் வெறும் இலக்கத்தோடு வரிசையாகத் தெரியும், அவசரத்தில் கொப்பி எடுத்து வைத்த டிஸ்க்கையே அழிப்பதற்கு அது வழிவிடும்.

ஒப்டேனைப் பிரித்துவிட்டாய் என்பதால், பயோஸில் சாட்டா முறையை 'ரெயிட்' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' என்பதில் இருந்து 'ஏஎச்சிஐ'க்கு மாற்றிவிடு. சில ஹெச்பி லெப்டொப்பில் இந்தத் தெரிவே இருக்காது, அப்படியே விடு. பிறகு பென் டிரைவில் இருந்து எழுப்பு. எங்கே போடுவது என்று கேட்கும் திரையில் டிரைவே காட்டவில்லை என்றால் பதறாதே. இது புதிய லெப்டொப்பில், குறிப்பாக இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்தவற்றில், மிகச் சாதாரணம். விஎம்டி என்ற ஒரு கட்டுப்பாட்டுக்குப் பின்னால் டிரைவ் இருக்கிறது, விண்டோஸ் செட்டப்புக்கு அதைப் பார்க்கும் டிரைவர் தெரியவில்லை. 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி, நீ விரித்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டரைக் காட்டு. டிரைவ் தெரிய வரும். பயோஸில் விஎம்டியை நிறுத்தியும் இதைச் செய்யலாம். ஏசர் லெப்டொப்பில் அந்தத் தெரிவு மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வரும். ஆனால் இரண்டு டிரைவை ரெயிட்டாக இணைத்த லெப்டொப்பில் விஎம்டியை நிறுத்தாதே. நிறுத்தினால் இணைப்பு தெரியாமல் போய், இரண்டும் வெற்று டிரைவ் மாதிரிக் காட்டும். அந்த நேரத்தில் ஃபோர்மட் கொடுத்தால் எல்லாம் முடிந்தது.

டிரைவ் தெரிந்த பிறகு அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடு. 13 ஜிபி சொச்சம் என்றிருப்பது ஒப்டேன், அதில் விண்டோஸ் போடக் கூடாது, போடவும் இடமில்லை. 931 ஜிபி என்றிருப்பதே உன் டிரைவ். டி பகுதியில் இருப்பதை வைத்துக்கொள்ள விரும்பினால், அதே டிரைவின் சி பகுதியையும் 100 எம்பி, 16 எம்பி என்று சின்னச் சின்னதாக இருக்கும் சிஸ்டம் பகுதிகளையும் மட்டும் அழித்து, வெற்றிடத்தைத் தேர்ந்து முன்னே போ. டியின் பெயரையும் அளவையும் முன்பே எழுதி வைத்திருந்தால் கை நடுங்காது. சீரியல் கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ரொடக்ட் கீ' கொடுத்துவிட்டு அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமையே, தேர்ந்தெடு. விண்டோஸ் 8 காலத்தில் இருந்து கம்பெனியில் போட்டு வந்த லெப்டொப்பில் அந்தச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், இணையம் கிடைத்ததும் தானே செயற்படும். மாத்தளைத் திருகோணமலை வீதியிலோ கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ யாராவது சாவிக்கென்று தனியாகக் காசு கேட்டால், முதலில் இதைச் சொல்லிப் பார்.

ரெயிட் 0 பற்றிச் சொல்கிறேன் என்றேனே. விளையாட்டு லெப்டொப்புகளில் இரண்டு எஸ்எஸ்டியை இப்படிக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒரு துண்டு முதலாவதிலும் அடுத்தது இரண்டாவதிலும் என்று மாறி மாறிப் போகும். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெயிட்டை எழுதியபோது, ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்ப வேண்டும் என்பதும் அவர்கள் தேடியதில் ஒன்று. அவர்கள் வரிசைப்படுத்திய 1 முதல் 5 வரையான முறைகளில் இந்த 0 இல்லவே இல்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஒன்று செத்தால் மற்றதில் இருப்பது அரைகுறைத் துண்டுகள்தான். ஆகவே ரெயிட் 0 லெப்டொப் கையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது, மறுபடி விண்டோஸ் போடும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே இணைப்பைக் கலைத்துவிடு. வேர்டுக்கும் எக்ஸலுக்கும் பிள்ளைகளின் ஸூம் வகுப்புக்கும் ஒரு எஸ்எஸ்டியின் வேகமே மிச்சம். கலைப்பது பயோஸின் ரேபிட் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'டிலீட்' கொடுப்பதுதான். இதில் ஒப்டேன் மாதிரி டேட்டா தப்பாது, இரண்டு டிரைவும் வெறுமையாகும். வெளி டிஸ்க்கில் கொப்பி இருப்பதைத் திறந்து பார்த்த பிறகே அந்தப் பட்டன்.

இணைப்பு விண்டோஸுக்குள்ளேயே செய்ததாகவும் இருக்கலாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்றால் விண்டோஸை அதில் போட முடியாது, அது எப்போதும் தரவுக்கு மட்டும்தான். புது விண்டோஸ் அந்தக் கூட்டைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும், நீ அந்த டிரைவ்களை அழிக்காமல் இருந்தால் போதும். பழைய டைனமிக் டிஸ்க் என்றால் டிஸ்க் மெனேஜ்மென்டில் 'ஃபொரின்' என்று காட்டும், வலது க்ளிக் செய்து 'இம்போர்ட்' கொடு. விண்டோஸ் ஹோம் பதிப்பு டைனமிக் டிஸ்க்கை ஏற்காது என்பதையும் ஞாபகம் வை.

போட்டு முடிந்ததும் முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடு, விடுபட்ட டிரைவர்களை அதுவே தேடி எடுக்கும். எழுத்துருக்களைப் போடு, பாமினியில் உள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பார். டொகுமென்ட்ஸ் முன்பு டியில் இருந்திருந்தால், புது டொகுமென்ட்ஸில் வலது க்ளிக், 'ப்ரொப்பர்டீஸ்', 'லொகேஷன்' என்று போய் அந்த ஃபோல்டரை மறுபடி காட்டிக்கொடு. அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' கொடு, கொஞ்சம் பொறு. பிட்லாக்கரை மறுபடி போட விரும்பினால் போடு, ஆனால் புதுச் சாவி வரும், கொப்பிப் புத்தகத்தில் பழையதை வெட்டிவிட்டுப் புதியதை எழுது.

ஒப்டேனை மறுபடி இணைப்பதா? என் கருத்து, வேண்டாம். இன்டெல் 2022இல் ஒப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. இனிமேல் அதற்கு யாரும் அக்கறையோடு டிரைவர் எழுதப் போவதில்லை. லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தாலும் அந்த இணைப்பு அங்கே வேலை செய்யாது. கொஞ்சம் காசு சேர்த்து 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடு. உன் லெப்டொப் ஒப்டேன் இருந்த காலத்தைவிட வேகமாக ஓடும், இரண்டை ஒன்றாகக் கட்டி வைக்கும் தொல்லையும் இல்லை. எஸ்எஸ்டி வாங்கும் திட்டம் அடுத்த சில மாதத்துக்குள் இருந்தால், இந்த வேலை முழுவதையும் அந்த நாளுக்குத் தள்ளிப்போட்டு ஒரே முறையில் முடி. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை 500, 1000 ரூபாய்க்கு விற்றுவிடாதே. ஒரு யுஎஸ்பி உறை வாங்கி அதில் போட்டால் அதுவே உனக்கு வெளி டிஸ்க்.

எல்லாம் சரியாக ஓடினாலும், வெளியே எடுத்து வைத்த பழைய கொப்பியை ஒரு மாதத்துக்கு அழிக்காதே, அதன்மேல் புதிதாக எதையும் எழுதாதே. மாத முடிவில் சம்பளப் பட்டியலோ அறிக்கையோ செய்யும்போதுதான் ஒரு கோப்பு விடுபட்டது தெரியவரும்.